பந்தின் ஜாதகம்

கோல்ஃப் என்ற சொல்லைப் பார்த்ததும் "இது பணக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு" என்று நகர்ந்துவிடுவது எளிது. அந்த எரிச்சலில் நியாயமும் இருக்கிறது. ஆனால் இங்கே பேசப்போவது ஒரு கருவியைப் பற்றி. லாஞ்ச் மானிட்டர் என்று பெயர். நிற்க வைத்த ஷூ பெட்டி அளவுதான் இருக்கும். உயர்ரக மாடல்களின் விலை பதினைந்தாயிரம் டாலர், இருபதாயிரம் டாலர் என்று போகிறது. அதோடு ஒரு திரை, ஒரு புரொஜெக்டர், ஒரு கணினி, காலடியில் கொஞ்சம் செயற்கைப் புல்விரிப்பு. எல்லாம் சேர்ந்தால் வீட்டுக்குள்ளேயே ஒரு கோல்ஃப் மைதானம். சிமுலேட்டர் என்கிறார்கள்.

இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை? இந்தக் கருவி ஒரு பெரிய விஷயத்தைச் சொல்கிறது. ஒரு செயலின் முதல் கணத்தைத் துல்லியமாக அளந்துவிட்டால், அதன் முடிவைக் கண்ணால் பார்க்க வேண்டியதில்லை என்கிறது. இது நாம் கேட்காத குரல் இல்லை. பிறந்த நேரத்தைச் சொல்லுங்க, மிச்சத்தை நான் சொல்றேன் என்று நம் ஊரில் ஒருவர் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார். எதை எண்ணுவது, எதை விடுவது என்பதில் ஒரு நாவலுக்கு உலகப் பார்வை இருப்பதைப்போல ஒரு கருவிக்கும் இருக்கிறது. அதன் திரையில் ஓடும் பட்டியலில் எந்தெந்தக் கட்டங்கள் இருக்கின்றன, எது இல்லை என்று பார்த்தால் அந்தப் பார்வை பிடிபட்டுவிடும்.

1

லாஞ்ச் மானிட்டர்களில் இரண்டு குலம். ஒன்று ரேடார் குலம். டென்மார்க்கில் 2003இல் தொடங்கிய டிராக்மேன் நிறுவனம் இதில் மூத்தது. பீரங்கிக் குண்டு போன்றவற்றைப் பின்தொடரும் ராணுவ ரேடார்களில் வேலை பார்த்த ஃப்ரெடரிக் டக்ஸன் என்ற பொறியாளர் அதன் தொழில்நுட்பத்துக்குப் பின்னால் இருந்தார். நெடுஞ்சாலையில் போலீஸ்காரர் வண்டி வேகம் பிடிக்கும் துப்பாக்கியின் அதே டாப்ளர் தத்துவம்தான். திறந்தவெளியில் வைத்தால் பந்து கிளம்பியதிலிருந்து தரையில் விழும்வரை அது விடாமல் பார்க்கும்.

மற்றது கேமரா குலம். ஃபோர்சைட் நிறுவனத்தின் ஜிசிக்வாட் போன்றவை இந்த வகை. அதில் நான்கு கேமராக்கள். பந்துக்குப் பக்கத்திலேயே தரையில் வைப்பார்கள். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஒரு வினாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குப் பின் பந்து ஏறத்தாழ ஒரு முழம் கடப்பதற்குள் கேமராக்கள் அதைப் படங்களாக எடுத்துவிடுகின்றன. பந்தின் வேகம், எழும்பும் கோணம், பக்கவாட்டுத் திசை, சுழற்சி, சுழலும் அச்சின் சாய்வு. இவ்வளவு கிடைத்தால் போதும். புவியீர்ப்பு, காற்றின் தடை, சுழற்சியால் பந்தைத் தூக்கும் மாக்னஸ் விசை ஆகியவற்றைப் போட்டுக் கணினி மிச்சத்தை எழுதிவிடும்.

எழுதிவிடும் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். வீட்டு சிமுலேட்டரில் நிஜப் பந்து மூன்று மீட்டர் தள்ளித் தொங்கும் திரையில் மோதி விழுந்துவிடுகிறது. அதற்குப் பின் திரையில் நாம் பார்க்கும் பந்து, வானில் ஏறுவது, உச்சியில் தயங்குவது, இறங்கி இரண்டு குதி குதித்து உருள்வது எல்லாம் கணக்கு. நடக்காத ஒன்றின் விவரமான வர்ணனை. வெளியில் வைத்த ரேடாரை வரலாற்றாசிரியர் என்றால் கேமராவை ஜோசியர் எனலாம். ரேடாரையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் அதுவும் ஜோசியம்தான் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை.

ஆனால் இது நல்ல ஜோசியம். காற்று அசையாத ஒரு நாளில் பந்துக்கென்று தனி விருப்பம் எதுவும் கிடையாது. அது கல்யாண வயதில் மனம் மாறாது, வேலையை விட்டுவிட்டுச் சினிமாவுக்குப் போகாது. முதல் முழத்தில் எது எழுதப்பட்டதோ அதன்படிதான் போகும். அங்கே ஒரு டிகிரி தவறினால் 250 யார்டு தூரத்தில் ஏறக்குறைய 4.4 யார்டு விலகும்; பள்ளிக்கூட முக்கோணவியல் போதும் இதைச் சொல்ல.

2

இந்தக் கருவிக்குக் கொடுக்கவேண்டிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்த பொய் ஒன்றை இது உடைத்திருக்கிறது.

பந்து ஏன் வளைகிறது என்பதற்குக் கோல்ஃப் பயிற்சியாளர்கள் நீண்டகாலம் ஒரு விதி சொல்லிக்கொடுத்தார்கள். மட்டை வீசப்படும் பாதை எதுவோ அந்தத் திசையில் பந்து கிளம்பும். மட்டையின் முகம் எங்கே பார்க்கிறதோ அங்கே போய் முடியும். கேட்க அழகான விதி. பாதை தொடக்கம், முகம் முடிவு. மனப்பாடம் செய்வதும் சுலபம்.

அது தவறு. பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மட்டையின் முகம். நீண்ட தூரத்துக்கு அடிக்கும் டிரைவர் மட்டையில் ஏறக்குறைய 85 சதவீதம், இரும்பு மட்டைகளில் ஏறக்குறைய 75 சதவீதம். முகத்துக்கும் பாதைக்கும் உள்ள கோண வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது. இயற்பியல் படித்தவர்களுக்கு இது புதிது அல்ல. நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் தியோடர் யோர்கன்சன் 1994இல் வெளியிட்ட கோல்ஃபின் இயற்பியல் பற்றிய நூலில் இந்த வடிவியலை விளக்கியிருக்கிறார். ஆனால் புத்தகத்தில் இருப்பது பயிற்சித் திடலுக்கு வந்து சேர ரேடார் வேண்டியிருந்தது. அடிக்கு அடி எண் வந்து விழுந்தபோதுதான் வாதம் ஓய்ந்தது.

இதில் எனக்கு ஆச்சரியம் தருவது வேறு. அந்தத் தவறான விதியை நம்பிய காலத்திலும் மகத்தான ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். மரத்தைச் சுற்றிப் பந்தை வளைத்து இலக்கில் போட்டார்கள். வாயால் சொன்ன விதிப்படி கை வேலை செய்திருந்தால் பந்து மரத்தில்தான் மோதியிருக்கும். கை வேறு ஏதோ செய்தது. உடம்புக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை. எழுத்தாளர் ஒருவர் தன் கதை எப்படி உருவாகிறது என்று மேடையில் விளக்குவதைக் கேட்டவர்களுக்கு இந்த இடைவெளி புரியும். கதை நன்றாக இருக்கும். விளக்கம் பல சமயம் அந்தக் கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் இருக்கும். கலைஞனின் வாக்குமூலத்தைவிட அவன் செய்ததை உற்றுப் பார்ப்பது மேல் என்று விமர்சகர்கள் சொல்வதை இந்தப் பெட்டி நிரூபித்துக் காட்டுகிறது.

3

மிச்சிகனில் நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை கோல்ஃப் மைதானங்கள் பெரும்பாலும் பனிக்குள் கிடக்கும். டெட்ராய்ட் பக்கம் வாகனத் துறையில் வேலை பார்க்கும் தமிழ் நண்பர் ஒருவர், தன் காரை வெளியே பனியில் நிறுத்திவிட்டுக் கராஜை சிமுலேட்டர் ஆக்கியிருந்தார். "காருக்கு ஜலதோஷம் பிடிக்காதுங்க" என்பது அவர் வாதம். பிப்ரவரியில் மூன்று மாலைகள் அங்கே அடித்துப் பார்க்கக் கிடைத்தது. நான்கு கேமரா வகை.

முதல் மாலை முழுக்கப் பரவசம். அடித்த நொடியிலேயே எண்கள் வந்துவிடுகின்றன. ஏழாம் எண் இரும்பு மட்டையில் என் பந்தின் வேகம் மணிக்கு 98 மைல், மட்டையின் வேகம் 74. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.32. மட்டையின் வேகத்தைப் பந்துக்கு எவ்வளவு கடத்தினோம் என்பதன் அளவு இது. காற்றில் பறந்த தூரம் 134 யார்டு. தொழில்முறை ஆண் ஆட்டக்காரர்கள் இதே மட்டையில் 170க்கு மேல் அடிப்பார்கள். அதனால் என்ன, 134 என்னுடையது. என் உடம்பு செய்த ஒன்றுக்கு ஒரு எண் கிடைப்பதில் விசித்திரமான சந்தோஷம் இருக்கிறது.

அடுத்தது நண்பரின் அடி. நாலு வருஷமாக அவருக்கு ஒரு வியாதி. பந்து இடப்பக்கம் கிளம்பி, வலப்பக்கம் வளைந்து, இலக்குக்கு வலது புறம் போய் விழும். "மட்டை முகம் திறந்திருக்கு, மூடுங்க" என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். பழைய விதிப்படி சரிதான். பந்து வலப்பக்கம் முடிகிறது என்றால் முகம் வலப்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அன்று பெட்டி சொன்னது: முகம் இலக்குக்கு ஒரு டிகிரி இடப்பக்கம், பாதை ஆறு டிகிரி இடப்பக்கம். அதாவது முகம் ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. பாதையைவிட ஐந்து டிகிரி திறந்திருப்பதால் பந்து வளைகிறது. இன்னும் மூடினால் பந்து வளையாமல் நேராக இடப்பக்கம் போய்த் தொலையும். நோய் வீச்சின் பாதையில். நண்பர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாலு வருஷம்ங்க" என்றார்.

இப்படி ஒரு தெளிவைத் தருகிற கருவியைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. காசுக்குத் தகுந்த வேலைதான்.

இரண்டாம் மாலை ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் யாரும் திரையில் பறக்கும் பந்தைப் பார்க்கவில்லை. கீழே ஓடும் எண்களைத்தான் பார்த்தோம். கடலோர மைதானம், அலை, மாலை வெளிச்சம் எல்லாம் திரையில் தத்ரூபமாக இருந்தது. யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. எந்தக் குழியில் ஆடுகிறோம் என்பதே மறந்துபோய், ஒரே மட்டையால் பந்து வேகத்தை 98இலிருந்து 100 ஆக்கும் போட்டியாக அது மாறிவிட்டது. ஆட்டம் எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் மாலை புல்விரிப்பின் குட்டு வெளிப்பட்டது. நண்பர் ஒரு முறை பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னாலேயே தரையில் அடித்துவிட்டார். தொம் என்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. நிஜப் புல்லாக இருந்தால் மட்டை மண்ணைக் கொத்திக்கொண்டு சிக்கியிருக்கும், பந்து பாதி தூரம் போயிருந்தால் அதிகம். விரிப்பில் மட்டை வழுக்கிக்கொண்டு பந்தைச் சென்று சேர்ந்தது. திரையில் 140 யார்டு, பந்து கொடிக்குப் பக்கத்தில். கருவி பொய் சொல்லவில்லை. தன் முன்னால் நடந்ததை அது சரியாகவே அளந்தது. மண்தான் அங்கே இல்லை. அடி எப்படி என்று சொல்லவேண்டிய சாட்சிகளில் முக்கியமானவரை வரவழைக்காமலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

4

கோல்ஃப் விதிப்புத்தகத்தின் மையக் கொள்கை ஒன்றே ஒன்றுதான். மைதானம் இருக்கிறபடி ஆடு, பந்து கிடக்கிறபடி அடி. மற்ற விதிகளில் பெரும்பகுதி இதற்கு விளக்கமும் விதிவிலக்கும். பந்து வேருக்கு நடுவே கிடந்தால் வேருக்கு நடுவே. ஈரமணலில் புதைந்திருந்தால் அங்கிருந்து. முந்தைய அடியை அடித்தது நீங்கள், அதனால் இந்த இடத்துக்கு வந்து நிற்பதும் நீங்கள். நம் பாஷையில் சொன்னால் முன்வினை.

வீட்டு சிமுலேட்டரில் ஜாதகம் உண்டு, முன்வினை கிடையாது. திரையில் பந்து மணற்குழிக்குள் போய் விழுகிறது. காலடியைப் பார்த்தால் அதே பச்சை விரிப்பு, அதே சமதளம், அதே வெள்ளைப் பந்து. மணலுக்கென்று மென்பொருள் தூரத்தில் ஒரு சதவீதத்தைக் கழித்துக்கொள்ளும். அது அபராதம். ஹெல்மெட் போடாததற்கு ரசீது கொடுக்கிற மாதிரி. மணலில் நிற்கும்போது குதிகால் புதைவதும், பந்தைத் தொடாமல் அதற்குப் பின்னாலிருக்கும் மணலை அடிக்கவேண்டிய பயமும் அந்தச் சதவீதத்தில் இல்லை. ஒவ்வொரு அடியும் பழைய கணக்கே இல்லாத புதுப் பிறவி.

இந்தக் குறை தொழிலுக்குத் தெரியாதது அல்ல. தென்கொரியாவில் 2000இல் தொடங்கிய கோல்ஃப்சோன் நிறுவனம், நிற்கும் மேடையே சரிவுக்கேற்பச் சாயும்படி சிமுலேட்டர் செய்கிறது. புல்லுக்கும் மணலுக்கும் தனித்தனி விரிப்பு. டைகர் உட்ஸும் ரோரி மெக்கில்ராயும் முன்னின்று தொடங்கிய டிஜிஎல் போட்டிகள் 2025 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ஆரம்பித்தன. அங்கே 64 அடி அகலம், 53 அடி உயரத்தில் திரை. இவ்வளவு பெரிய திரையைக் கட்டியவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அடிக்கும் இடத்தில் நிஜப் புல் வைத்தார்கள். நிஜ மணல் கொட்டினார்கள். பந்தைக் குழியில் உருட்டி விழவைக்கும் கடைசிப் பகுதிக்குத் திரையைவிட்டு இறங்கி, சுழலக்கூடிய, மேடுபள்ளம் மாற்றக்கூடிய ஒரு தளத்தையே கட்டிவிட்டார்கள். உலகின் ஆடம்பரமான சிமுலேட்டர்களில் ஒன்று கடைசி சில அடிகளுக்கு சிமுலேட்டரை நம்பவில்லை. இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை நான் எழுத முடியாது.

5

சரி, மறுதரப்பு. அதுவும் பலமானதுதான்.

பந்து கிடக்கிறபடி அடி என்று சொல்ல ஒரு மைதானம் வேண்டும். அதற்கு நூறு ஏக்கருக்கு மேல் நிலம், தீராத தண்ணீர், உறுப்பினர் கட்டணம், வாசலில் யாரை விடுவது என்று முடிவுசெய்ய ஒரு கமிட்டி. நிலம் பொன்னாக விற்கும் தென்கொரியாவில் மைதானத்தில் ஆடுவது பெரும் செலவு. அங்கே ஸ்க்ரீன் கோல்ஃப் அறைகள் தெருவுக்குத் தெரு வந்தபோது, அலுவலகம் முடிந்த இளைஞர்கள், பெண்கள் என்று மைதானத்தின் வாசலையே பார்க்காதவர்களும் மட்டையைத் தூக்கினார்கள். கூட்டமாகப் போய் சிரித்துக்கொண்டு ஆடிவிட்டு வருகிறார்கள். அவர்களிடம் போய் முன்வினை பற்றி உபதேசம் செய்தால் நல்லாவா இருக்கும்?

நானும் செய்யப்போவதில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். சியோலின் ஸ்க்ரீன் அறையில் நான்கு பேர் இருக்கிறார்கள். கேலி இருக்கிறது, பந்தயம் இருக்கிறது, அடுத்தவர் பார்க்கிறார் என்ற கூச்சம் இருக்கிறது. விளைவு என்பது மண்ணில் மட்டும் இல்லை, மனிதர்கள் நடுவிலும் இருக்கிறது. வீட்டுக் கராஜில் பதினைந்தாயிரம் டாலர் பெட்டியின் முன்னால் தனியாக நிற்பவருக்கு மண்ணும் இல்லை, மனிதரும் இல்லை. கருவி அங்கேதான் மிகத் துல்லியமாகிறது. ஆட்டம் அங்கேதான் மிக மெலிதாகிறது.

எஸ்.எஸ்.பி. சௌரசியாவை நினைத்துக்கொள்கிறேன். 1829இல் தொடங்கப்பட்ட ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப்பில் புல்வெளியைப் பராமரித்தவரின் மகன். அந்த மைதானத்திலேயே வளர்ந்து, தானாகவே ஆடக் கற்றவர். அடிதூரம் குறைவு. பச்சைத் தளத்துக்கு அருகிலிருந்து பந்தைச் சின்னதாகத் தூக்கிப்போடுவதும், உருட்டிக் குழியில் சேர்ப்பதும்தான் அவர் பலம். 'சிப்' என்பதையும் 'பட்' என்பதையும் அவர் பெயரோடு சேர்த்து 'சிப்புட்சியா' என்றே கூப்பிட்டார்கள். 2016லும் 2017லும் அடுத்தடுத்து இந்திய ஓபன் பட்டத்தை வென்றார். இளம் சௌரசியாவை ஒரு லாஞ்ச் மானிட்டர் முன்னால் நிறுத்தி, எண்ணைப் பார்த்துத் தேர்வு செய்திருந்தால் என்ன சொல்லியிருக்கும்? பந்து வேகம் போதாது என்றுதான் முதல் வரி வந்திருக்கும். புல்லின் எந்தப் பக்கம் பந்து மெதுவாகும் என்று புல்வெட்டுபவரின் பிள்ளைக்குத் தெரிந்ததற்குப் பட்டியலில் கட்டம் கிடையாது.

இதைக் கருவிக்கும் மனிதனுக்கும் நடக்கும் சண்டையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எண்களை எல்லோரையும்விட அதிகம் நம்பும் ஆட்டக்காரர் பிரைசன் டிஷாம்போ. இயற்பியல் படித்தவர். உடம்பைப் பெருக்கி, பந்து வேகத்தை விரட்டி, 2020இல் விங்ட் ஃபுட் மைதானத்தில் அமெரிக்க ஓபனை வென்றவர். அதே பட்டத்தை 2024இல் பைன்ஹர்ஸ்ட் மைதானத்தில் அவர் இரண்டாம் முறை வென்றது எப்படி? கடைசிக் குழியில் முதல் அடி இடப்பக்கம் போய் மரத்தடியில், வேருக்குப் பக்கத்தில் கிடந்தது. மட்டையைப் பின்னால் எடுக்கவே இடமில்லை. அங்கிருந்து குத்தித் தள்ளியது மணற்குழிக்குள் போனது. மணலிலிருந்து கொடிக்கு 55 யார்டு. கோல்ஃபில் எல்லோரும் அஞ்சும் தூரம் அது. முழு வீச்சுக்குக் குறைவு, சின்ன வீச்சுக்கு அதிகம். பந்தைக் குழியிலிருந்து சுமார் நாலு அடியில் கொண்டுவந்து நிறுத்தி, அதை உருட்டிவிட்டு ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் வென்றார்.

அந்த மணலடியை முதல் முழத்தில் அளந்திருந்தால் பெட்டி நமக்குச் சரியான எண்களையே கொடுத்திருக்கும். வேகம், கோணம், சுழற்சி. அவை எதிலும் மரவேர் இருந்திருக்காது. மரவேர் இல்லாமல் அந்த மணலடி இல்லை. ஜாதகத்தில் ஒரு வாழ்க்கையின் கிரகநிலை இருக்கும். அந்த வாழ்க்கையின் முந்தைய அத்தியாயம் இருக்காது.

யாராவது என்னிடம் வாங்கலாமா என்று கேட்டால் என் பதில் இதுதான். உங்கள் வீச்சில் என்ன கோளாறு என்று தெரிய வேண்டுமா, தாராளமாக வாங்குங்கள், அல்லது வைத்திருக்கும் ஒருவரோடு சினேகம் பிடியுங்கள். அடிக்கும் இடத்தில் மட்டும் மண்ணைக் கொத்தினால் கொத்தியதைக் காட்டிக்கொடுக்கும் விரிப்பைப் போடுங்கள். பெட்டிக்குச் செலவழித்ததில் ஒரு சின்னப் பங்குதான் ஆகும். இரத்தப் பரிசோதனை அறிக்கையை வாசிப்பதுபோல அதன் எண்களை வாசியுங்கள். அறிக்கை நல்லபடியாக வந்துவிட்டது என்பதற்காக யாரும் அதை வாழ்க்கை என்று சொல்லிக்கொள்வதில்லை.